வயதான நாய்க்குக் காப்பீடு: எது மிச்சமிருக்கிறது என்று பாருங்கள்

“நாய்க்கு 9 வயதாகிவிட்டது, இனிமேல் இன்சூரன்ஸ் எடுப்பதில் பயனுண்டா?” என்று ஒருவர் கேட்டால், சுற்றியிருப்பவர்களிடமிருந்து இரண்டு விடைகள் உடனே வரும். ஒருவர் தம் நாயின் அறுவைச் சிகிச்சைக்குப் பெருந்தொகை திரும்பக் கிடைத்ததைச் சொல்லி, யோசிக்காமல் எடுக்கச் சொல்வார். இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியும் கடைசியில் கிளைம் நிராகரிக்கப்பட்டதைச் சொல்லி, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பார். இருவர் சொல்வதும் உண்மையில் நடந்தவையே. ஆனால் அவர்களுடைய நாய்களின் வயதும், பாலிசி தொடங்கிய காலமும், மருத்துவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் வேறு வேறு. கேட்டவருடைய நாய்க்கு அவற்றில் எது பொருந்தும் என்பதை, காப்பீடு எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் சொல்லவே முடியாது. ஆகவே அடியிலிருந்து தொடங்குகிறேன்.

## உண்டியலும் பொதுப் பானையும்

காப்பீட்டைப் பலரும் ஒருவகைச் சேமிப்பு என்று நினைக்கிறார்கள். “இவ்வளவு கட்டினேன், ஒன்றும் திரும்ப வரவில்லையே” என்ற மனக்குறை அந்த நினைப்பிலிருந்துதான் பிறக்கிறது. உண்டியலில் போட்ட பணம் போட்டவருக்கே உரியது. எப்போது உடைத்தாலும் அது அங்கே இருக்கும். காப்பீடோ பலர் சேர்ந்து நிரப்பும் பொதுப் பானை. அதில் போட்டது உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. அதற்கு ஈடாக, உங்களுக்கு ஆபத்து வந்தால் பானையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள் என்ற உறுதிமொழி உங்கள் கைக்கு வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெரிய அறுவைச் சிகிச்சையின் செலவை 1000 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 100 இளம் நாய்களில் ஓராண்டில் 5 நாய்களுக்கு அது தேவைப்பட்டால், மொத்தச் செலவு 5000 பங்கு. அதை 100 பேரும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 50 பங்கு வரும். அலுவலகச் செலவும் நிறுவனத்தின் ஆதாயமும் சேர்ந்து, கட்ட வேண்டியது 65 அல்லது 70 பங்காகும். இப்படி ஆண்டுதோறும் கட்டும் தொகைக்குத்தான் பிரீமியம் என்று பெயர். சராசரியாகப் பார்த்தால் கட்டுகிறவர்களுக்குக் கட்டியதைவிடக் குறைவாகவே திரும்புகிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். 70 பங்கை எப்படியோ புரட்டிவிடலாம், 1000 பங்கு ஒரே நாளில் வந்தால் குடும்பம் நிலைகுலையும் என்பவருக்கு அந்த வித்தியாசம் விலை கொடுத்து வாங்கத் தக்கதுதான்.

இனி, அதே 100 நாய்களுக்கு 11 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓராண்டில் 30 நாய்களுக்குப் பெரிய சிகிச்சை தேவைப்படுகிறது என்றால், நிர்வாகச் செலவைச் சேர்க்காமலேயே ஆளுக்கு 300 பங்கு ஆகிறது. நாய்க்கு ஒரு நோயும் வராமலே பிரீமியம் ஏன் ஆண்டுதோறும் ஏறுகிறது என்பதற்கு விடை இதுதான்: ஏறியது உங்கள் நாயின் கணக்கன்று, அந்த வயதுள்ள எல்லா நாய்களின் கணக்கு. 100 நாய்களுக்கும் சிகிச்சை நிச்சயம் என்ற நிலை வந்துவிட்டால் ஒவ்வொருவரும் 1000 பங்குக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். அப்போது அந்தப் பானைக்கே பொருளில்லை. நிச்சயமாக வரப்போகும் செலவை யாராலும் காப்பீடு செய்ய முடியாது, முன்கூட்டியே கட்டி வைக்கத்தான் முடியும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், காப்பீடு வருமா வராதா என்று தெரியாத பெருஞ்செலவுக்கு ஏற்றது. நாய்க்கு வயது ஏற ஏற, “தெரியாதது” குறைந்து “அநேகமாக வரும்” என்பது கூடுகிறது. பிரீமியமும் உண்மைச் செலவை நெருங்குகிறது.

## முன்பே இருந்த நோய்

மழை கொட்டத் தொடங்கிய பிறகு குடையை எந்த விலைக்கும் கொடுக்க மறுக்கும் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். அப்படித்தான், பாலிசி தொடங்கும் முன்பே நாய்க்கு இருந்த நோய்க்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. இதை முன்பே இருந்த நோய் என்பார்கள். நோய் வந்த பிறகும் பாலிசி எடுக்கலாம் என்றால், எல்லோரும் நோய் வரும்வரை காத்திருப்பார்கள், பானையில் போட ஆளிருக்காது. விதியின் நியாயம் அவ்வளவுதான். ஆனால் வயதான நாயைப் பொறுத்தவரை எல்லாச் சிக்கலும் இந்த ஒரு விதியிலேயே குவிந்து கிடக்கிறது. அதனால் இங்கே சற்று நின்றே போக வேண்டும்.

“மருத்துவர் இன்ன நோய் என்று பெயர் சொன்னால்தானே அது முன்பே இருந்த நோய்?” என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் பெயர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அறிகுறி தென்பட்டிருந்தாலே போதும். எங்கள் வீட்டு நாய்க்கு 8 வயதானபோது வழக்கமான தடுப்பூசிக்குக் கொண்டுபோயிருந்தேன். ஊசி போட்டு முடித்துக் கிளம்பும்போது, “இப்போதெல்லாம் படியேறும் முன் ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறான் டாக்டர்” என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் இடது பின்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார்: “படியேறத் தயக்கம், இடது பின்கால் லேசான இறுக்கம்.” இரண்டு ஆண்டுகள் கழித்து நான் பாலிசிக்கு விண்ணப்பித்தபோது நிறுவனம் அந்தக் குறிப்பேட்டை முழுவதும் கேட்டு வாங்கியது. அந்த ஒரு வரியைக் காட்டி, இரண்டு பின்கால்களின் மூட்டு நோய்களையும் விலக்கிவிட்டது.

இடது காலுக்குச் சரி, வலது கால் என்ன செய்தது என்று எனக்கு அன்று கோபம்தான் வந்தது. பிறகே காரணம் புரிந்தது. நாயின் முழங்காலில் ஒரு தசைநார் அறுந்தால், அடுத்த காலிலும் அதே தசைநார் அறுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஏனென்றால் அது பெரும்பாலும் ஒரு நாள் விழுந்ததால் அறுவதன்று, மெல்ல மெல்ல நைந்து அறுவது. ஆகவே ஒரு பக்கம் பழுது இருந்தால் மறுபக்கத்தையும் பல பாலிசிகள் சேர்த்தே விலக்குகின்றன. இதற்கு இருபக்க விலக்கு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இடுப்பு மூட்டு, கண், காது ஆகியவற்றுக்கும் சில பாலிசிகளில் இது நீள்கிறது.

இதைப் படித்துவிட்டு, மருத்துவரிடம் எதையும் சொல்லாமல் மறைத்தால் தப்பிக்கலாமே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மறைத்தது தெரிந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். அதைவிட முக்கியமாக, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஓர் உயிருக்காக அதன் வலியைச் சொல்லக்கூடியவர் நாம் ஒருவர்தான்.

எல்லா முன்நோய்களும் நிரந்தரமாக விலக்கப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காதுப் புண், வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று போன்று முழுக்கக் குணமாகக்கூடியவற்றை, குறிப்பிட்ட காலம் அறிகுறியே இல்லாமல் கழிந்தால் சில நிறுவனங்கள் மீண்டும் ஏற்றுக்கொள்கின்றன. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, மூட்டுத் தேய்வு போன்றவை அப்படி மன்னிக்கப்படுவதில்லை. இன்னொன்று, பாலிசி தொடங்கிய முதல் சில நாட்களோ வாரங்களோ எந்த நோய்க்கும் பணம் கிடைக்காது. இதைக் காத்திருப்புக் காலம் என்பார்கள். முழங்கால் தசைநார் போன்றவற்றுக்கு அது மாதக்கணக்கில் நீள்வதும் உண்டு. அந்த இடைவெளியில் தலைகாட்டிய நோயும் முன்பே இருந்ததாகவே கருதப்படும்.

ஆகவே உங்கள் நாயின் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருப்பவற்றையெல்லாம் அடித்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நீங்கள் வாங்கப்போவது அந்த மிச்சத்துக்கான பாதுகாப்பை மட்டும்தான்.

## விளம்பரத்தில் ஒரு எண், கையில் ஒரு எண்

“80 சதவீதம் திருப்பித் தருகிறோம்” என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு, பில் 1000 என்றால் 800 வரும் என்று எதிர்பார்ப்பவர்களே அதிகம். நடுவில் மூன்று வடிகட்டிகள் இருக்கின்றன. முதலாவது டிடக்டிபிள், அதாவது நிறுவனம் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்களே ஏற்க வேண்டிய தொகை. இரண்டாவது கோ-பே, அதாவது மீதத்தில் உங்கள் பங்காக நிற்கும் சதவீதம். மூன்றாவது உச்சவரம்பு: ஓராண்டுக்கோ ஒரு நோய்க்கோ நிறுவனம் இதற்குமேல் கொடுக்காது என்ற எல்லை.

பில் 1000 பங்கு, டிடக்டிபிள் 100, கோ-பே 20 சதவீதம், உச்சவரம்பு 600 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 100-ஐக் கழித்தால் 900. அதில் 80 சதவீதம் 720. சில நிறுவனங்கள் சதவீதத்தை முதலில் போட்டுவிட்டு டிடக்டிபிளைப் பிறகு கழிப்பதுண்டு. அப்போது 700 ஆகும். எந்த வழியில் போட்டாலும் உச்சவரம்பு 600 என்பதால் கைக்கு வருவது 600 மட்டுமே. டிடக்டிபிள் ஆண்டுக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் பல்லும் கண்ணும் வயிறும் வரிசையாகத் தொல்லை கொடுக்கும் வயதில் அந்த வேறுபாடு சிறியதன்று. சில பாலிசிகள் நாய் ஒரு குறிப்பிட்ட வயதைத் தாண்டியதும் கோ-பேயைத் தாமாகவே சேர்த்துவிடுகின்றன. இது புதுப்பித்தல் கடிதத்தின் உள்பக்கத்தில் ஒரு வரியாக வந்து போகும்.

பெரும்பாலான பாலிசிகளில் மருத்துவமனையில் முழுப் பணத்தையும் நீங்களே முதலில் கட்டி, பிறகுதான் திரும்பப் பெறுவீர்கள். பாலிசி இருந்தாலும் அந்த இரவில் கட்டுவதற்குக் கையில் பணமோ கடன் வழியோ வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

## திடீர் நோயும் நீண்ட நோயும்

முதுமையில் வருபவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாலிசிகளை ஒப்பிடுவது எளிதாகிவிடும். ஒரு வகை, ஒரே இரவில் வந்து ஒரே பில்லில் முடிவது. மண்ணீரலில் கட்டி உடைந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிவது, ஆழ்ந்த மார்புள்ள பெரிய இன நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்வது, கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டுவது ஆகியவை இப்படிப்பட்டவை. மற்ற வகை, மெல்ல வந்து உயிருள்ளவரை கூடவே இருப்பது. சிறிய இனங்களில் அதிகம் காணப்படும் இதய வால்வுத் தேய்வு, சிறுநீரகம் மெல்லச் செயலிழப்பது, மூட்டுத் தேய்வு, சர்க்கரை நோய் போன்றவற்றில் ஒரு மாத மருந்துச் செலவு தாங்கக்கூடியதாகத் தோன்றும். மூன்றாண்டு மருந்தும் இரத்தப் பரிசோதனைகளும் சேரும்போதுதான் அதன் அளவு தெரியும்.

நீண்ட நோய்க்குப் பாலிசியின் வகை மிக முக்கியம். காலவரம்புப் பாலிசி என்பது ஒரு நோய்க்குப் பெரும்பாலும் 12 மாதம் மட்டும் பணம் தந்துவிட்டு, அதன்பின் அந்த நோயைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது. ஆயுள் பாலிசி என்பது நீங்கள் இடைவிடாமல் புதுப்பிக்கும்வரை, ஒவ்வோர் ஆண்டும் உச்சவரம்பைப் புதிதாகத் தொடங்கி, அதே நோய்க்குத் தொடர்ந்து தருவது. இரண்டின் பிரீமியத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மலிவானதைத் தேர்ந்தவர்கள்தான், இரண்டாம் ஆண்டில் இதய மருந்துக்குப் பணம் நின்றதும் அதிர்ந்துபோகிறார்கள். விபத்து மட்டும் என்ற மூன்றாவது வகையும் உண்டு. முதுமையில் வரும் பெரிய பில்கள் பெரும்பாலும் நோயால் வருபவை என்பதால், வயதான நாய்க்கு அதனால் பெரிய பயனில்லை என்பது என் கருத்து.

## ஏற்கெனவே பாலிசி உள்ளவர்

குட்டியிலிருந்து பாலிசி வைத்திருப்பவரும் 9 வயதில் முதன்முறையாக விசாரிப்பவரும் ஒரே கேள்வியைக் கேட்பதுபோலத் தோன்றும். ஆனால் அவர்கள் கையில் இருப்பது வேறு. பழைய பாலிசிக்காரரிடம் ஒரு விலைமதிப்புள்ள பொருள் இருக்கிறது: பாலிசிக் காலத்துக்குள் வந்த நோய்கள் அவருக்கு முன்பே இருந்த நோய்கள் அல்ல. பிரீமியம் ஏறிவிட்டதே என்று கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டாலோ, மலிவான வேறு நிறுவனத்துக்கு மாறினாலோ, அதுவரை வந்த அத்தனையும் அந்த நாளே முன்நோயாகிவிடும். திரும்பி வந்தாலும் பழைய நிலை கிடைக்காது.

ஆகவே நிறுத்தும் முன், பிரீமியத்தைக் குறைக்கும் வேறு வழிகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். டிடக்டிபிளை உயர்த்துவதையோ உச்சவரம்பைக் குறைப்பதையோ பல நிறுவனங்கள் புதுப்பித்தலின்போது அனுமதிக்கின்றன. சிறிய பில்களை நீங்களே ஏற்றுக்கொண்டு, பெரியவற்றுக்கு மட்டும் பானையை வைத்துக்கொள்வது இதன் பொருள். நாய்க்கு இப்போது நீண்ட நோய் ஏதும் இருந்து, அதற்கு ஆண்டுதோறும் கிடைக்கும் தொகையே பிரீமியத்தை நெருங்குகிறது என்றால், நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

## புதிதாக எடுக்க நினைப்பவர்

இவருக்கு முதல் தடை நுழைவு வயது. சில நிறுவனங்கள் ஒரு குறிப்பிட்ட வயதுக்குமேல் புதிய நாய்களைச் சேர்ப்பதில்லை. பெரிய இனங்கள் 6, 7 வயதிலேயே முதுமையைத் தொட்டுவிடுவதால் சில இடங்களில் அவற்றுக்கு வரம்பும் முன்னதாகவே வருகிறது. சேர்த்துக்கொள்வார்கள் என்றால், மருத்துவரிடமிருந்து முழுக் குறிப்பேட்டையும் நகலெடுத்து, பணம் கட்டும் முன்பே நிறுவனத்துக்கு அனுப்பி, எவையெவை விலக்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். எல்லா நிறுவனமும் இதைச் செய்வதில்லை. செய்கிற நிறுவனத்தையே நான் விரும்புவேன். கிளைம் வந்த பிறகு தெரிந்துகொள்ளும் விலக்கைவிட, வாசலிலேயே தெரிந்த விலக்கு எவ்வளவோ மேல்.

பட்டியல் கைக்கு வந்ததும், மிச்சமிருப்பவற்றில் உங்கள் நாயின் இனத்துக்கும் உடலமைப்புக்கும் அதிகம் வரக்கூடியது எது என்று உங்கள் மருத்துவரையே கேளுங்கள். இதயமும் மூட்டும் சிறுநீரகமும் விலக்கப்பட்ட 12 வயதுச் சிறிய நாய்க்கு முழுப் பிரீமியம் கட்டுவது, கூரை முழுவதும் ஒழுகும் வீட்டில் வாசல் கதவுக்குப் பூட்டுப் போடுவதைப் போன்றது. குறிப்பேட்டில் பெரிதாக ஒன்றுமில்லாத 8 வயது நாய்க்கோ கிட்டத்தட்ட எல்லாமே மிச்சமிருக்கிறது.

உண்டியல் வழியை இங்கேதான் நேர்மையாக ஒப்பிட வேண்டும். பிரீமியத்துக்கு ஆகும் தொகையையே மாதந்தோறும் பிரித்துத் தனிக் கணக்கில் போட்டு வந்தால், நோய் வராவிட்டால் பணம் உங்களுடையது. முன்நோய், காத்திருப்பு, உச்சவரம்பு எதுவும் கிடையாது. பல் சுத்தம், தடுப்பூசி போன்று வழக்கமான பாலிசிகள் ஏற்காதவற்றுக்கும் எடுக்கலாம். அதன் பலவீனம் ஒன்றே ஒன்று: மூன்றாம் மாதமே மண்ணீரல் கட்டி உடைந்தால் கணக்கில் இருப்பது மூன்று மாதப் பணம்தான். ஏற்கெனவே கையிருப்பில் ஒரு பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வைத்திருப்பவருக்கு இந்தப் பலவீனம் பொருட்டன்று. வைத்திருக்காதவருக்கு அதுதான் எல்லாம்.

## எதற்குச் சம்மதிப்பீர்கள்?

கணக்கெல்லாம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. என் பார்வையில் அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்க மனம் வராததால்தான் எல்லோரும் கடைசியில் வைக்கிறோம். உங்கள் 13 வயது நாயை எந்தச் சிகிச்சைக்கு உட்படுத்த நீங்கள் சம்மதிப்பீர்கள்? நீங்கள் ஒருபோதும் செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்த சிகிச்சைக்குப் பிரீமியம் கட்டுவதில் பொருளில்லை.

இதற்கு எல்லா நாய்க்கும் பொருந்தும் விடை கிடையாது. மண்ணீரல் கட்டிகளில் ஒரு பகுதி தீங்கற்றவை. எடுத்துவிட்டால் நாய் தன் மிச்ச ஆயுளை நன்றாகவே வாழும். மற்றொரு பகுதி இரத்தக்குழாய்ப் புற்று. அதில் அறுவைச் சிகிச்சை மட்டும் செய்தால் பெரும்பாலும் சில மாதங்களே கிடைக்கும். எது என்று வெட்டி எடுத்துப் பரிசோதித்த பிறகே உறுதியாகத் தெரியும். முடிவோ ஒரு மணி நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கும். நாய்களுக்குத் தரப்படும் புற்றுநோய் மருந்துகள் பொதுவாக மனிதர்களுக்குத் தருவதைவிட மென்மையான அளவில், ஆயுளைவிட வாழும் நாட்களின் இதத்தை முன்வைத்தே தரப்படுகின்றன. ஆனாலும் வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போவதை எல்லா நாயும் ஒன்றுபோலத் தாங்குவதில்லை. இவற்றையெல்லாம் நாய் நன்றாக இருக்கும் ஒரு பகல் வேளையில், மருத்துவரோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் நாய்க்குப் பின்கால்கள் இரண்டும் விலக்கப்பட்டிருந்தாலும், வயிறும் இதயமும் சிறுநீரகமும் மிச்சமிருந்தன. கையிருப்பும் அவ்வளவாக இல்லை. அதனால் டிடக்டிபிளை முடிந்த அளவு உயர்த்தி ஓர் ஆயுள் பாலிசி எடுத்தோம். மூட்டு மாத்திரைகளை எங்கள் செலவிலேயே வாங்குகிறோம். பாலிசித் தாளோடு எங்கள் கையெழுத்தில் ஒரு காகிதமும் இருக்கிறது. எந்தச் சிகிச்சைக்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று அதில் எழுதி வைத்து, ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் எடுத்துப் படிக்கிறோம். அவனுக்கு இப்போது 12 வயது. மருத்துவமனை இருக்கும் தெருவுக்குள் வண்டி திரும்பும்போதே நடுங்கத் தொடங்கிவிடுகிறான். போன முறை அந்தக் காகிதத்தில் புற்றுநோய் மருந்து என்ற வரியை அடித்துவிட்டு, அதே நாளில் உச்சவரம்பையும் ஒரு படி குறைத்துக்கொண்டோம்.